படத்தில் விழாத பேருந்து: இலையுதிர்காலப் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு மறுப்பு

ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்துவிட்டால் தமிழ் இணையத்திலும் சிற்றிதழ்களின் பின்பக்கங்களிலும் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் பூக்கத் தொடங்கிவிடுகிறது. வட அமெரிக்காவில் வாழும் நம் நண்பர்கள் எழுதுவார்கள். அங்கே சில மாதங்கள் விருந்தினராகத் தங்கித் திரும்பிய எழுத்தாளர்களும் எழுதுவார்கள். அமைப்பு மாறுவதே இல்லை. மேப்பிள் மரங்கள் சிவக்கும். சனிக்கிழமை காலையில் உழவர் சந்தை. அங்கே பூசணிகளும் ஆப்பிள்களும் தேன் குப்பிகளும் நிறவாரியாக வருணிக்கப்படும். பிற்பகலில் ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டம். மேசையில் ஐந்து கோப்பைகள், ஐந்து வகை ஒயின், ஐந்து பத்திகள். பொழுது சாயும் நேரத்தில் ஓர் இலை உதிரும், கட்டுரையாளருக்கு நிலையாமை நினைவுக்கு வரும், கட்டுரை முடியும்.

இக்கட்டுரைகளின் எதிரியாக நாம் இதை எழுதவில்லை. பல ஆண்டுகள் அவற்றை விரும்பிப் படித்தவர்கள் நாம். உரைநடைக்கு எடுத்துக்காட்டாக முதுகலை வகுப்பில் படித்துக் காட்டியதும் உண்டு. அந்தத் தவற்றையும் சேர்த்தே இங்குத் திருத்திக்கொள்ள விரும்புகிறோம். நம் குற்றச்சாட்டு எளியது. இக்கட்டுரைகள் நிலத்தையும் பொழுதையும் காட்டுகின்றன; அந்நிலத்தில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதை மறைக்கின்றன. திணைக் கோட்பாட்டைப் பாடமாகப் படித்த ஒரு மொழியின் எழுத்தாளர்கள் இதைச் செய்வது வருந்தத்தக்கது. நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதன்மேல் கருப்பொருள் வரவேண்டும். கருப்பொருளைப் பட்டியலிடும் நூற்பா தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று வரும்போது தொழிலையும் மறவாமல் சேர்க்கிறது. நம் பயணக் கட்டுரையில் மரம் உண்டு, உணவு உண்டு, பறவைகூட உண்டு. தொழில் மட்டும் இல்லை.

1

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஈட்டிய விடுப்பில், நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகருக்கு அருகே அக்காள் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அது ஐப்பசி மாதம். அப்பகுதியை விரல் ஏரிகள் என்கிறார்கள். பனிப்பாறைகள் நிலத்தைக் கீறிச் சென்ற தடத்தில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பதினொரு ஏரிகள். அவற்றுள் பெரியவையான செனெகாவும் கயூகாவும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளம். செனெகாவின் ஆழம் 600 அடிக்கும் மேல். இந்த ஆழத்தில்தான் அப்பகுதித் திராட்சையின் உயிர் இருக்கிறது. கோடையின் வெப்பத்தை ஏரி சேமித்து வைத்துக்கொண்டு, குளிர் தொடங்கும் பருவத்தில் சிறுகச் சிறுக வெளிவிடுகிறது. கரைச் சரிவில் உறைபனி சில வாரம் தள்ளிப் போகிறது. பழம் முதிர்வதற்கு அவகாசம் கிடைக்கிறது. வசந்தத்தில் இதற்கு நேர்மாறு: ஏரியின் குளிர்ச்சி மொட்டு அவிழ்வதைத் தாமதப்படுத்தி, பின்வரும் பனியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை இத்தாக்கா உழவர் சந்தைக்குப் போனோம். 1973-இல் தொடங்கிய அச்சந்தை ஒரு கூட்டுறவு. முப்பது மைல் சுற்றளவுக்குள் விளைந்ததையும் செய்ததையுமே அங்கு விற்கலாம் என்பது விதி. பிற்பகலில் ஏரிக்கரையில் ஒரு திராட்சைத் தோட்டத்திற்குச் சென்றோம். பெயர் வேண்டாம். ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினைச் சிறு கோப்பையில் ஊற்றித் தந்தார்கள். நாம் குடிப்பழக்கம் இல்லாதவர். ஆயினும் ஒரு வாய் சுவைத்தோம். புளிப்பும் எலுமிச்சை மணமுமாக நன்றாகவே இருந்தது. அதை மறைப்பானேன்?

வெளியே வந்ததும் அக்காள் மகன் நம்மைத் திராட்சை வரிசையின் முகப்பில் நிறுத்திப் படம் எடுக்க முனைந்தான். கைப்பேசியை உயர்த்தியவன் மீண்டும் தாழ்த்தினான்.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. அந்த பஸ் படத்துல விழுது."

திரும்பிப் பார்த்தோம். தோட்டத்தின் மறுகோடியில் வெள்ளையடித்த ஒரு பழைய பள்ளிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நெகிழியாலான ஒரு நடமாடும் கழிப்பறை. வரிசைகளுக்கிடையே பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து குலைகளைக் கத்தரித்து மஞ்சள் கூடைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு வானொலியில் ஸ்பானியப் பாட்டு. நாம் மூன்றடி தள்ளி நின்றோம். படம் அழகாக வந்தது. ஏரி, சரிவு, சிவந்த மரம், நடுவில் நாம்.

அந்தப் படத்தை ஊருக்குத் திரும்பியபின் பலருக்கும் காட்டினோம். பிறகு அது உறுத்தத் தொடங்கியது. நாம் இத்தனை ஆண்டுகளாகச் சுவைத்துப் படித்த கட்டுரைகள் அனைத்தும் அந்த மூன்றடியைத் தள்ளி நின்று எழுதப்பட்டவை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

2

முதலில் அந்த இன்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஏதோ இயற்கை கனிந்து ஏரிக்கரையில் ஒயின் கடைகளைத் தூவிவிட்டது போலவும், அமெரிக்கரின் இரசனையில் உழவர் சந்தை தானே முளைத்தது போலவும் நம் கட்டுரையாளர்கள் எழுதுகிறார்கள். இரண்டுமே சட்டத்தாலும் விதியாலும் நேர்ந்தவை.

1970-களின் நடுவில் அப்பகுதித் திராட்சை உழவர்கள் நொடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விளைவித்ததை ஒருசில பெரிய ஒயின் நிறுவனங்களே வாங்கிவந்தன. அந்நிறுவனங்கள் உள்ளூர்க் கொள்முதலைக் குறைத்தபோது பழத்தை வேறெங்கும் விற்க வழியில்லை. தானே ஒயின் செய்து தன் வாசலிலேயே விற்பது சிறு உழவனுக்கு எட்டாத செலவாக இருந்தது. 1976-இல் ஹியூ கேரி ஆளுநராக இருந்தபோது பண்ணை ஒயின் சட்டம் நிறைவேறியது. மாநிலத்துத் திராட்சையைக் கொண்டு உழவனே சிறிய அளவில் ஒயின் செய்யலாம். வருபவர்களுக்கு நேரடியாக விற்கலாம். உரிமக் கட்டணமும் குறைவு. அன்று மாநிலம் முழுவதும் இருபதுக்கும் குறைவாக இருந்த ஒயின் தயாரிப்பிடங்கள் இன்று நானூற்றைத் தாண்டிவிட்டன. நம் நண்பர்கள் ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்துச் சுவைக்கும் அந்த மேசை, இச்சட்டம் போட்டுக்கொடுத்த மேசை.

அதே 1976-ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில்தான் மன்ஹாட்டனில் பேரி பெனப்பியும் பாப் லூயிஸும் 'கிரீன்மார்க்கெட்' என்ற உழவர் சந்தையைத் தொடங்கினார்கள். முதலில் 59-ஆம் தெருவில். அதே ஆண்டில் யூனியன் சதுக்கத்தில். விளைவித்தவரே விற்கவேண்டும், வாங்கி விற்பவருக்கு இடமில்லை என்பது அதன் அடிப்படை விதி. இடைத்தரகரை விலக்கும் அந்த ஒற்றை விதி இல்லாவிட்டால் அது இன்னொரு காய்கறிக் கடைத்தெரு.

ஆள்கள் பற்றியும் சொல்லவேண்டும். அக்குளிரில் ஐரோப்பியத் திராட்சை பிழைக்காது என்பதே அப்பகுதியினரின் நம்பிக்கையாக இருந்தது. அதை உடைத்தவர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க். உக்ரைனில் திராட்சைச் சாகுபடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 1951-இல் ஐம்பது வயதைக் கடந்த அகதியாக நியூயார்க் வந்தார். ஆங்கிலம் தெரியாது. ஜெனீவா என்ற ஊரின் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது களைகொத்தும் வேலை. உக்ரைனின் கடுங்குளிரில் வளர்ந்தது இங்கே ஏன் வளராது என்ற அவர் கேள்விக்குச் செவிகொடுத்தவர் சிலரே. குளிர் தாங்கும் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி அவர் அதை மெய்ப்பித்தார். 1962-இல் கியூக்கா ஏரிக்கரையில் தம் ஒயின் தயாரிப்பகத்தை நிறுவினார். ரீஸ்லிங்கின் மணத்தைப் பத்திக்கணக்கில் வருணிக்கும் நம் கட்டுரையாளர்கள், அந்த மணத்தின் தொடக்கத்தில் மொழி தெரியாத ஒரு புலம்பெயர்ந்த களைகொத்தி நிற்பதை ஒரு வரியிலேனும் எழுதியிருக்கலாம். புலம்பெயர்வு பற்றி ஓயாமல் எழுதுபவர்கள் அல்லவா அவர்கள்?

3

இனிப் பேருந்துக்கு வருவோம்.

அமெரிக்கத் தொழிலாளருக்குச் சங்கம் சேரும் உரிமையை உறுதிசெய்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை விலக்கி வைத்தது. குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேரக் கூலியையும் வகுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே விலக்கியது. குறைந்தபட்சக் கூலி 1966-இல் அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டியது. மிகைநேரக் கூலி கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றுவரை எட்டவில்லை. நியூயார்க் மாநிலத்தில் பண்ணைத் தொழிலாளருக்குச் சங்க உரிமையும், வாரத்தில் ஒருநாள் ஓய்வும், மிகைநேரக் கூலியும் தரும் சட்டம் நிறைவேறியது 2019-இல். அதன்படி 2020 முதல் வாரத்திற்கு 60 மணி நேரத்தைக் கடந்தால்தான் மிகைநேரம். 2024-இல் அது 56 ஆயிற்று, 2026-இல் 52, ஈராண்டுக்கு நான்கு மணியாகக் குறைந்து 2032-இல்தான் மற்றவர்களுக்குள்ள 40-ஐ எட்டும். கணக்குப் பாருங்கள்: 1938-இலிருந்து 2032 வரை தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்ற உரிமை 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை நம் வாசகர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்ட 'ஓர் இனிய ஞாயிற்றுக்கிழமை' வகைக் கட்டுரைகள் எத்தனை! அந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டுரையில் வராத பத்துப் பேருக்கு வேலை நாள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஜமைக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் மிகுதி. பருவகால விசாவில் வந்து அறுவடை முடிந்ததும் திரும்புபவர்கள் உண்டு. ஆவணமே இல்லாமல் அஞ்சி வாழ்பவர்களும் உண்டு. விசாவின் அருமையும் அச்சமும் நம் மென்பொருள் நண்பர்களுக்குத் தெரியாததன்று. இரு தரப்பினரும் ஒரே அரசின் முத்திரைக்குக் காத்திருப்பவர்கள்தாம். ஆயினும் கட்டுரையில் இவர் அவரைக் காண்பதில்லை.

சிறு உழவர்களில் பலர் இச்சட்டத்தை அஞ்சினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பனியும் மழையும் சந்தை விலையும் ஒருங்கே அச்சுறுத்தும் தொழிலில் கூலிச் செலவு உயர்ந்தால் தாங்கமுடியாது என்றார்கள். அந்த அச்சம் பொய்யன்று. மாநிலம் அதற்கு ஈடாக வரிச்சலுகை தந்ததும் அதனால்தான். உழவனுக்கும் கூலியாளுக்கும் இடையிலான இந்த இழுபறி அந்த ஏரிக்கரையின் உண்மையான கதை. எந்தப் புனைகதையாளனும் விட்டுவிடக்கூடாத கதை. நம் கட்டுரையாளர்கள் அதன் நடுவிலேயே நின்றுகொண்டு மேப்பிள் இலையைப் பார்த்திருக்கிறார்கள்.

4

இன்னும் ஆழமாகப் போனால் நிலம் வேறொன்று சொல்கிறது. செனெகா, கயூகா என்பவை ஏரிகளின் பெயராகவதற்கு முன் மக்களின் பெயர்கள். ஹோடெனோஷோனி என்னும் ஆறு இனங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சோளமும் அவரையும் பூசணியும் ஒரே குழியில் ஊடுபயிராக வளர்த்தவர்கள். அவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைத்தவர்கள். உழவர் சந்தையில் நாம் படமெடுத்துக்கொள்ளும் பூசணி அந்த உழவின் எச்சம்.

1779-ஆம் ஆண்டு, அமெரிக்க விடுதலைப் போரின் நடுவில், ஆங்கிலேயருடன் சேர்ந்து போரிட்ட இனங்களைத் தண்டிக்க ஜார்ஜ் வாஷிங்டன் ஆணையிட, தளபதி சல்லிவனின் படை இந்நிலத்தில் நுழைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிக்கப்பட்டன. வந்த காலம் ஆகஸ்டும் செப்டம்பரும். அதாவது கதிர் முற்றிய அறுவடைக் காலம். விளைந்த சோளத்தைக் கொளுத்தினார்கள். பழத்தோப்புகளை வெட்டினார்கள். கயூகா ஏரியின் கீழ்க்கரையில், இன்று அரோரா என்ற ஊர் இருக்குமிடத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீச் மரங்கள் அந்தச் செப்டம்பரில் வெட்டுண்டன. பின்வந்த பனிக்காலத்தில் உணவின்றி ஓடியவர்கள் பலர் மடிந்தார்கள். அவர்கள் மொழியில் வாஷிங்டனுக்கு வழங்கிய பெயரின் பொருள் 'ஊரழிப்பவன்'. அந்த ஏரிக்கரையின் இலையுதிர்காலத்திற்கு இப்படியும் ஒரு நினைவு உண்டு.

இலக்கிய வாசகர்கள் அடுத்த செய்தியைக் கூர்ந்து கேட்கவேண்டும். போர் முடிந்தபின் அந்நிலம் படைவீரர்களுக்குச் சம்பளத்திற்கு ஈடாகப் பங்கிடப்பட்டது. அளந்து பிரித்த ஊர்களுக்குச் சூட்டிய பெயர்கள்: ஹோமர், விர்ஜில், ஓவிட், டிரைடன், யுலிசிஸ், ஹெக்டர். பின்னாளில் யுலிசிஸ் ஊரின் எல்லைக்குள் எழுந்த நகரத்திற்கு இத்தாக்கா. எரித்த நிலத்தின்மேல் கவிஞர்களின் பெயரைப் பூசியிருக்கிறார்கள். ஓவிட் என்ற ஊர்ப்பலகையைக் கண்டு அமெரிக்கரின் இலக்கியப் பற்றை வியந்த ஒரு தமிழ்க் கட்டுரையை நாம் வகுப்பில் பாராட்டியிருக்கிறோம். இப்போது வெட்கப்படுகிறோம்.

நம் பழைய புலவர்கள் இவ்விடத்தில் மேலானவர்கள் என்று சொல்லவரவில்லை. பகைவன் நாட்டை எரியூட்டிய வேந்தனைப் பாடிப் பரிசில் பெற்றவர்கள் அவர்கள். ஆனால் அதை மறைக்கவில்லை. எரிபரந்தெடுத்தல் என்று அதற்கு ஒரு துறையே வகுத்தார்கள். பெயரிட்டு வைத்ததால் இன்று நாம் அதைக் கேள்வி கேட்க முடிகிறது. பெயரிடாமல் விட்டதை எப்படிக் கேட்பது?

5

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். முதலாவது: ஒரு நாள் இன்பத்தைச் சொல்லும் சிறு கட்டுரைமீது இத்தனை பாரத்தை ஏற்றலாமா? இலக்கியம் என்ன தொழிலாளர் துறை அறிக்கையா?

மறுமொழியாக நெடுநல்வாடையை முன்வைக்கிறோம். தமிழில் ஆறு பருவங்களுள் இலையுதிர்காலம் என்று ஒன்றில்லை. ஐப்பசி கார்த்திகைக்கு நாம் வைத்த பெயர் கூதிர். கூதிரை நக்கீரரைவிட நுணுக்கமாக எழுதியவர் எவருமில்லை. கோடையில் பயன்பட்ட விசிறி சிலந்தி வலை படிந்து தொங்குவதையும், சந்தனம் அரைத்த கல் வேலையற்றுக் கிடப்பதையும்கூட அவர் கண் விடவில்லை. அவர் பாட்டு எங்கே தொடங்குகிறது? அரண்மனையில் அன்று. மழை வெள்ளத்திற்கு அஞ்சி ஆநிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டிப்போகும் கோவலர்களிடத்தில் தொடங்குகிறது. அவர்கள் குளிரில் நடுங்கி, மூட்டிய நெருப்பில் கை காய்ச்சிக்கொள்கிறார்கள். கன்னம் அதிர்ந்து பல் கொட்டுகிறது. அதற்குப் பிறகே ஊரின் தெருக்கள்; தேறல் மாந்திய வலியோர் தூறலைப் பொருட்படுத்தாமல் திரியும் மகிழ்ச்சி. அதற்கும் பிறகே அரசியின் கட்டில். இன்பத்தை அவர் குறைக்கவில்லை. குளிரில் நிற்பவனை முதலில் வைத்தார், அவ்வளவே. பாட்டின் அழகு அதனால் ஒரு மாற்றும் குறையவில்லை, கூடியிருக்கிறது. பாரம் ஏற்றினால் அழகு கெடும் என்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

இரண்டாவது மறுப்பு: நாங்கள் அங்கே வந்தேறிகள்; வீட்டுக்காரரின் அடுக்களையைக் குறைசொல்வது விருந்தினர்க்கு அழகா? இது நாகரிகமான வாதம்போலத் தோன்றும். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகளாக வரி செலுத்தி, வீடு வாங்கி, பிள்ளைகளை அங்கேயே படிக்க வைத்தவர்கள் விருந்தினர் ஆகமாட்டார்கள். சந்தையில் வாங்கும்போது ஊர்க்காரராகவும் எழுதும்போது விருந்தினராகவும் இருப்பது வசதியான நிலை; நேர்மையான நிலை அன்று.

6

மூன்றாவது ஒன்றுண்டு, இது எழுதுபவர்களைவிட வாசிக்கும் நம்மைச் சுடுவது. ஏரிக்கரை உழவன் தன் பழத்தைப் புளிக்கவைத்துத் தன் வாசலில் விற்பதைப் பண்பாடு என்று கொண்டாடும் தமிழ் வாசகர்கள், இங்கே ஒரு பனையேறி தான் இறக்கிய கள்ளைத் தன் வாசலில் விற்பதை என்னவென்று சொல்கிறார்கள்?

தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. ஆலைகளில் காய்ச்சிய மதுவையோ 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் விற்றுவருகிறது. நியூயார்க் 1976-இல் உழவனுக்குத் திறந்த கதவை நாம் பனையேறிக்கு மூடி, அதற்கு அடுத்த கதவை ஆலைகளுக்குத் திறந்துவைத்திருக்கிறோம். பனை நம் மாநில மரம் என்ற பெருமை மட்டும் குறைவில்லை.

கள்ளுக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். அதன் ஒரு குறளையும் நாம் தள்ளவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்பில் அமர்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் மாணவியின் தாய் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும் மறக்கவில்லை. குடியே வேண்டாம் என்பவர்களோடு நமக்குச் சண்டையில்லை. அவர்கள் ஏரிக்கரை ஒயினையும் அதே கண்ணால் பார்க்கட்டும். ஒன்றை இரசனை என்றும் மற்றொன்றை இழிவு என்றும் பிரிக்கும் நாக்கோடுதான் நம் சண்டை. அந்த நாக்கைப் பிளந்தால் உள்ளே சாதியும் அந்நிய மோகமும் இருக்கும்.

இந்த மோகம் புதிதுமன்று. யவனர் நன்கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித்தரப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு பேசுகிறது. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மதுச்சாடி ஓடுகள் அக்காலத்து வணிகத்திற்குச் சான்றாக நிற்கின்றன. ஆனால் அதே புறநானூற்றில்தான் ஒளவை, சிறிது கள் கிடைத்தால் தங்களுக்கே தந்துவிடும் அதியமானை நினைத்து அழுகிறாள். மதுரைக்காஞ்சியின் அங்காடியில் கள் விற்கும் கடைக்கும் கொடி பறந்தது. இறக்குமதித் தேறலும் உள்ளூர்க் கள்ளும் ஒரே தொகையில் இடம்பெறலாயின. அந்தப் பழைய தொகுப்பாசிரியனுக்கு இருந்த நடுவுநிலைமை இன்றைய நமக்கு இல்லை.

சந்தைக்கும் இது பொருந்தும். மதுரையில் 1999 நவம்பர் 14-இல் தொடங்கிய உழவர் சந்தையும் இடைத்தரகரை விலக்கியது. உழவருக்கு அடையாள அட்டை, வாடகையில்லாக் கடை, அன்றாடம் கரும்பலகையில் விலை. இத்தாக்கா சந்தையின் கீரையைப் பாடியவர்களில் எத்தனை பேர் அண்ணா நகர் உழவர் சந்தையின் விடியற்காலையை ஒரு பத்தியேனும் எழுதியிருக்கிறார்கள்? முதற்பேருந்தில் மூட்டையோடு வந்திறங்கும் பெண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. மேப்பிள் மரம்தான் இல்லை.

7

குற்றம் சாட்டியவன் தன் வீட்டையும் திறந்துகாட்ட வேண்டும்.

நம் தந்தையார் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் வைத்திருந்தவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பழம். ஒரு கார்த்திகையில் வெட்டுக்கு நான்கு நாள் முன்பு அடைமழை பிடித்துக்கொண்டது. பழம் வெடித்தது. முன்பணம் தந்திருந்த வியாபாரி பந்தலுக்கடியில் நின்று, குலையை விரலால் சுண்டிப் பார்த்து, பேசிய விலையில் பாதிக்கும் கீழே சொன்னார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. அழுகும் பழத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? தன் பழத்தைத் தானே சாறாக்கி விற்கவோ, வழிப்போக்கரை வாசலுக்கு அழைக்கவோ அவருக்கு எந்த ஏற்பாடும் இல்லை. அடுத்த ஆண்டு பந்தலைப் பிரித்தார். கல்தூண்கள் மட்டும் சில ஆண்டுகள் நின்றன. ஏரிக்கரையில் அந்த மேசையைக் கண்டபோது நமக்கு முதலில் எழுந்தது பொறாமை. அப்பாவுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்ற பொறாமை.

இதை இதற்கு முன்னும் எழுதியிருக்கிறோம். ஒரு சிற்றிதழில், அப்பாவின் நினைவாக. நண்பர்கள் பாராட்டினார்கள். இப்போது அதை எடுத்துப் படித்தால், பந்தலின் நிழல் இருக்கிறது, பழத்தின் மணம் இருக்கிறது, அப்பாவின் மௌனம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, பிஞ்சுக் குலையில் மிகையான மணிகளைக் கத்தரியால் களைந்த பெண்கள் இல்லை. கவாத்து வெட்டியவர்கள் இல்லை. மழையில் அப்பா இழந்தது ஒரு பருவத்து வருமானம். அவர்கள் இழந்தது அந்த மாதத்துக் கூலி. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் நம்மை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். ஆயினும் கட்டுரையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கம்பத்திலும் நாம் மூன்றடி தள்ளி நின்றுதான் எழுதியிருக்கிறோம்.

ஆகவே இம்மறுப்பு நமக்கும் சேர்த்தே. ஏரிக்கரைக்குப் போகாதீர்கள் என்றோ, ஒயினைச் சுவைக்காதீர்கள் என்றோ நாம் சொல்லவில்லை. போங்கள், சுவையுங்கள், மேப்பிளின் சிவப்பையும் விடாமல் எழுதுங்கள். எழுதும்போது அந்தப் பழத்தை யார் பறித்தார், அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேர வேலை, அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். விடையில் பாதி அங்குள்ள பொது நூலகத்தில் கிடைக்கும். மறுபாதி, வரிசையின் மறுகோடியில் குனிந்திருப்பவரிடம் கிடைக்கும். அதற்கு வணக்கம் சொல்லும் அளவு ஸ்பானியம் போதும்.

அடுத்த புரட்டாசியில் வரப்போகும் கட்டுரைகளை நாம் வழக்கம்போலத் தேடிப் படிப்போம். அவற்றுள் ஒன்றிலேனும் அந்த வெள்ளைப் பேருந்து நிற்குமானால் அதை வகுப்பில் படித்துக்காட்டுவோம். நம் பழைய கட்டுரையையும் அதன் பக்கத்தில் வைத்து.